வேட்டி வெள்ளை, முகம் மாநிறம்: கல்யாண ஆல்பத்தில் தோல் நிறம் எங்கே கெடுகிறது?

கல்யாணம் முடிந்த வீட்டில் மணப்பெண்ணுக்கு மூன்று நிறம் வந்துவிடுகிறது. சித்தப்பா மகன் கைபேசியில் எடுத்த படத்தில் ஒன்று, ஸ்டுடியோவிலிருந்து வாட்ஸாப்பில் வந்ததில் ஒன்று, சில மாதம் கழித்து வரும் ஆல்பத்தில் இன்னொன்று. மூன்றும் ஒரே வளவில் (வீட்டின் முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), ஒரே திருப்பூட்டு நேரத்தில், அதாவது தாலி கட்டும் நேரத்தில், எடுத்தவை. காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்து ஸ்டுடியோக்களுக்கு இதை ஒட்டி இரண்டு விதமான புகார் வரும். 'பிள்ளை கறுத்துத் தெரியுது, கொஞ்சம் சிவப்பாக்கிக் கொடுங்க தம்பி' என்பது ஒன்று. 'இது எங்க பிள்ளையே இல்லையே' என்பது மற்றது. சில சமயம் இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வரும்.

எடிட்டிங் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலை நடப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். ஒளி முகத்தில் ஏற்றிய நிறத்தை இறக்குவது ஒரு வேலை. ஆளின் சொந்த நிறத்தை மாற்றுவது வேறு வேலை. மென்பொருளில் இரண்டுக்குமான பட்டன்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், முதல் வேலைக்கு உட்கார்ந்தவர் தெரியாமலே இரண்டாவதைச் செய்து முடித்துவிடுகிறார். எல்லை எங்கே இருக்கிறது என்பதை எண்களைக் கொண்டே காட்டலாம்.

நிறத்துக்கு மூன்று அளவுகள்

மென்பொருள் எந்த நிறத்தையும் மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது.

1. சாயல். மென்பொருளில் ஹியூ என்று இருக்கும். 360 டிகிரி வட்டத்தில் ஓர் இடம். சிவப்பு 0, மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240.
2. செறிவு. சாச்சுரேஷன் என்பது இதுதான். நிறம் எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வெளிறல் என்ற கணக்கு.
3. வெளிச்ச அளவு. லுமினன்ஸ். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே அந்த நிறம் எந்தப் படியில் நிற்கிறது என்பது.

தோலுக்கு நிறம் தருபவை முக்கியமாக மெலனினும், இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினும். மெலனின் நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் உறிஞ்சும். ஹீமோகுளோபின் பச்சையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அதனால் எந்த நாட்டார் தோலாக இருந்தாலும், நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தில் சிவப்பு எண் மேலேயும் பச்சை நடுவிலும் நீலம் கீழேயும் இருக்கும்.

மூன்று முகங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு நிறத்தின் எண்ணும் 0 முதல் 255 வரை போகும். கறுத்த முகம் ஒன்றில் சிவப்பு 110, பச்சை 72, நீலம் 50. மாநிறத்தில் 170, 120, 90. வெளுத்த முகத்தில் 225, 180, 150. சாயலைக் கணக்கிட்டால் முறையே 22, 22.5, 24 டிகிரி வருகிறது. கண்ணுக்கு இவ்வளவு வித்தியாசமாகத் தெரியும் மூன்று பேரும் நிற வட்டத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறார்கள். வீடியோ எடிட் செய்பவர்கள் பார்க்கும் வெக்டர்ஸ்கோப் என்ற கருவியில் தோலுக்கென்று ஒரே ஒரு கோடு மட்டும் போட்டிருப்பது இதனால்தான்.

ஆகவே சாயல் அந்த இடத்தை விட்டு வெகுதூரம் தள்ளிப் போயிருந்தால் அது படத்தின் பிழை, திருத்தலாம். வெளிச்ச அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். அதில் கை வைக்கக் காரணம் வேண்டும்.

செட்டிநாட்டு வீடு முகத்தில் பூசுவது

மண்டபத்தில் எடுப்பதைவிடப் பூர்வீக வீட்டில் எடுப்பது கஷ்டம் என்று இந்தப் பக்கத்துக் கேமராக்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அந்த வீடுகளில் ஒளியை வாங்கித் திருப்பி அடிக்காத பரப்பு குறைவு.

1. தரை. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கிறார்கள். அதனால் சூளையில் சுடாமலே வழவழப்பு வந்துவிடுகிறது. நடக்க நடக்க மினுக்கமும் ஏறுகிறது. முற்றத்து வெயில் சிவப்புக் கல்லில் பட்டு மேலே எழும்பி, தாடையின் அடியிலும் மூக்கின் கீழும் கண் குழிகளிலும் போய் உட்காரும். நெற்றிக்கு அது எட்டாது. ஒரே முகத்தில் நெற்றி ஒரு நிறம், தாடை ஒரு நிறம். படம் முழுவதற்கும் சிவப்பைக் குறைத்தால் தாடை சரியாகும், நெற்றி பச்சை பாரிக்கும். தாடைக்கு மட்டும் மாஸ்க் போட்டு, அதாவது அந்த இடத்தை மட்டும் தனியே தேர்ந்தெடுத்து, சாயலைத் திருப்புவதே வழி. பச்சைக் கல் பாவிய இடம் இன்னும் மோசம். முகத்தில் சிவப்பு கொஞ்சம் கூடினால் நம் கண் வெட்கம் என்றோ வெயில் என்றோ எடுத்துக்கொள்ளும். பச்சை கூடினால் நோயாளி என்று மட்டுமே படும். எடுக்கும்போதே காலடியில், சட்டகத்துக்கு வெளியே, ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிட்டால் இந்த வேலை பெருமளவு மிச்சம்.

2. சுவர். சுண்ணாம்போடு முட்டையின் வெண்கரு சேர்த்து மெருகேற்றிய சுவர்கள் நல்ல வெள்ளை ஒளியைத் திருப்பித் தரும். அந்தக் காலத்துக் கொத்தனார் கேமராக்காரருக்குச் செய்த உபகாரம். சுவரை ஒட்டி நிற்க வைத்து எடுத்த படங்களில் முகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

3. வண்ணக் கண்ணாடி. ஜன்னல் வளைவுகளில் உள்ள நீல, பச்சைக் கண்ணாடி வழியாக வரும் வெயில் கன்னத்தில் திட்டாக விழுந்தால், மென்பொருளில் மணிக்கணக்காக மல்லுக்கட்ட வேண்டாம். ஆளை இரண்டு அடி நகர்த்தினால் போதும்.

4. விளக்கு. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவால் குறிக்கிறார்கள். மஞ்சள் பல்பு 2700 முதல் 3000 வரை. நடுப்பகல் வெயில் 5500 சுமார். திறந்த வானம் மட்டும் தெரியும் நிழல் 7000-க்கு மேல், அது நீலம் கலந்த ஒளி. வளவில் நிற்கும் மாப்பிள்ளையின் இடது கன்னத்தில் முற்றத்து வானமும் வலது கன்னத்தில் பட்டாலைப் பல்பும் விழும். எந்த ஒளியை வெள்ளை என்று எடுத்துக்கொள்வது என்று கேமராவுக்குச் சொல்லும் வொயிட் பேலன்ஸ் ஒற்றை எண். இரண்டு கன்னத்துக்கும் அது பொருந்தாது. பல்பை அணைத்துவிடுவது நல்லது. அது முடியாவிட்டால் இரு கன்னங்களையும் தனித்தனி மாஸ்க்கில் திருத்த வேண்டும்.

5. மேடை எல்.இ.டி. ஊதா, நீல விளக்குகளின் கதை வேறு. நீல ஒளி மட்டும் விழுந்த முகத்திலிருந்து சிவப்பு ஒளி கேமராவுக்கு வரவே இல்லை. வராத தகவலை எந்த மென்பொருளும் மீட்க முடியாது, கற்பனையாக நிரப்பத்தான் முடியும். அப்படிப்பட்ட படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுவதே நாணயமான வேலை என்பது என் கருத்து.

கழுத்திருவும் (நகரத்தார் கல்யாணத்தில் அணியும் தங்கத் தாலி மாலை) பட்டும் தங்கள் பங்குக்குக் கழுத்திலும் தாடையிலும் கொஞ்சம் மஞ்சளும் சிவப்பும் ஏற்றும். அதை விட்டுவிடலாம். தங்கத்தின் பக்கத்தில் கழுத்து மஞ்சளோடுதான் இருக்கும்.

படம் இருட்டா, ஆள் மாநிறமா?

'கறுத்துத் தெரியுது' என்ற புகாரில் பெரும்பகுதி இங்கேதான் தீர வேண்டும். கேமராவின் ஒளிமானி, தன் முன்னால் இருப்பதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு அளக்கிறது. விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சுவர் எல்லாம் சேர்ந்த சட்டகத்தைக் கண்டால், வெளிச்சம் மிகையென்று நினைத்து ஒளியைக் குறைத்துவிடும். வேட்டி சாம்பலாகும், முகம் இருளும். நிலைவாசலின் பெரிய தேக்குக் கதவு முன்னால் எடுத்தால் நேர்மாறு. கதவின் கருமையைப் பார்த்துக் கேமரா ஒளியைக் கூட்டும், முகம் வெளுக்கும். அந்தப் படம்தான் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போகிறது!

சோதிக்கும் முறை எளிது. முகத்தைப் பார்க்காமல் வேட்டியைப் பாருங்கள். வேட்டி சாம்பலாக இருந்தால் படம் இருட்டு, ஒளியைக் கூட்டலாம். வேட்டி வெள்ளையாக, மடிப்பெல்லாம் தெரிய இருந்து, முகம் மாநிறமாக இருந்தால் ஆள் மாநிறம். அதற்கு மேல் ஒளியைக் கூட்டினால் வேட்டியின் மடிப்புகள் அழிந்து வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும்.

வெளிச்சத்துக்கு வேட்டியை நம்பலாம், சாயலுக்கு நம்பக் கூடாது. வொயிட் பேலன்ஸ் எடுக்கப் பலரும் வேட்டியின் மேல்தான் கிளிக் செய்கிறார்கள். சலவைக்கு நீலம் போட்ட வேட்டி வெள்ளையில்லை. புதுத் துணியில் உள்ள பளிச்சூட்டிகளும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை நீல ஒளியாக மாற்றித் தரும். அந்த நீலத்தை வெள்ளை என்று மென்பொருளுக்குச் சொன்னால் அது ஈடுகட்ட மஞ்சளை ஏற்றும், முகம் காமாலை கண்டதுபோல் ஆகும். பழுப்பேறிய பழைய சுவரில் கிளிக் செய்தால் இதற்கு நேர்மாறாக நீலம் ஏறும். சாம்பல் அட்டை ஒன்றை ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை படமெடுத்து வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

முகம் ஏன் சாம்பல் பூக்கிறது?

வெளுக்க வைத்த முகங்களில் பளபளப்புக்குப் பதில் ஒரு சாம்பல் பூச்சு தெரியும். கணக்கைப் பார்த்தால் புரிந்துவிடும்.

எக்ஸ்போஷர் என்ற பட்டை (நகர்த்தி ஒளியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர்) ஏறக்குறையப் பெருக்கல் செய்கிறது. 110, 72, 50 என்ற முகத்தை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே பெருக்கினால் 170, 112, 78 வரும். சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ள விகிதம் மாறவில்லை, செறிவு சுமார் 54 சதவீதம் அப்படியே நிற்கிறது. உண்மையில் அதிக வெளிச்சம் விழுந்தால் நடப்பதும் இதுதான். வெளுப்பாக்கும் வேலை கூட்டல். மூன்றிலும் 60-ஐக் கூட்டினால் 170, 132, 110. சிவப்பு எண் அதேதான். ஆனால் செறிவு 35 சதவீதத்துக்கு விழுந்துவிட்டது. மெலனினின் பழுப்பு போன இடத்தில் வேறு நிறம் வரவில்லை, வெள்ளை கலந்திருக்கிறது. அதைத்தான் சாம்பல் என்கிறோம். உடனே எடிட்டர் அதை மறைக்கச் செறிவைக் கூட்டுவார், உதடும் கன்னமும் ரோஸ் ஆகும். பிறகு ரோஸைக் குறைக்க வேறொரு பட்டை. ஒரு தவறைத் துரத்திக்கொண்டு நான்கு தவறு.

இதில் கோப்பின் வகையும் சேர்ந்துகொள்கிறது. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில், 14 பிட் என்றால், 16,384. இருட்டாக எடுத்த ஜேபெக்கில் கறுத்த முகம் முழுவதும் கீழ்க்கோடியில் உள்ள சில படிகளுக்குள் அடங்கிக் கிடக்கும். அதை இழுத்து நீட்டினால் திட்டுத் திட்டாகப் பிரியும். மாநிறம், கறுப்பு நிறம் உள்ளவர்களை ராவில் எடுங்கள் என்று சொல்வது இதற்காக.

தோலை வழவழப்பாக்கும் வேலையும் இதோடு வரும். தெரிந்தவர்கள் படத்தை இரண்டு அடுக்காகப் பிரித்து, மேடு பள்ளமான நிறத்தைக் கீழடுக்கிலும் மயிர்க்கால், வரி போன்ற நுணுக்கத்தை மேலடுக்கிலும் வைத்து, கீழடுக்கை மட்டும் தொடுவார்கள். ஃபிரீக்வென்சி செப்பரேஷன் என்பது அதுதான். தெரியாதவர்கள் மொத்தமாக மங்கலாக்குவார்கள். வெளுத்த முகத்தின் வடிவத்தை நிழல்தான் காட்டுகிறது. கறுத்த முகத்தில் அந்த வேலையைச் செய்வது மினுக்கம், அதாவது கன்ன மேட்டிலும் மூக்கு நுனியிலும் நெற்றியிலும் விழும் ஒளிப்பொட்டு. எண்ணெய் வடிகிறது என்று அதை முழுக்கத் துடைத்தால் முகம் தட்டையாகிவிடும். பாதி குறைத்தால் போதும்.

தேக்கும் தங்கமும் தோலும் ஒரே வரிசையில்

மென்பொருளில் தோலை வெளுக்கப் பலரும் பிடிப்பது ஆரஞ்சு லுமினன்ஸ் என்ற பட்டை. ஆரஞ்சு நிறமுள்ள எல்லாவற்றையும் அது ஒருசேர வெளிச்சமாக்கும். தோல் 22 முதல் 24 டிகிரி என்று பார்த்தோம். மெருகேறிய தேக்குத் தூண் ஒன்றின் நிறம் 140, 85, 45 என்று வைத்தால் சாயல் 25 டிகிரி. தங்கம் 212, 165, 60 என்றால் 41. மஞ்சள், சந்தனம், கண்டாங்கிச் சேலையின் கடுகு நிறம் எல்லாம் தங்கத்தின் அக்கம்பக்கத்தில்தான்.

பட்டைக்கு மணப்பெண்ணையும் தூணையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பெண்ணை இரண்டு படி வெளுத்தால் பர்மாத் தேக்கு பிளைவுட் மாதிரி ஆகும், கழுத்திரு கவரிங் மாதிரி வெளிறும். ஆல்பம் பார்க்கும் ஆச்சிகள் முதலில் கண்டுபிடிப்பது நகையைத்தான். 'பவுன் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?' என்ற கேள்வி வந்தால், எடிட்டர் ஆரஞ்சில் கை வைத்திருக்கிறார் என்று அர்த்தம். முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டால் நகையும் தூணும் தப்பும். அப்போது முகம் ஒரு நிறத்திலும் கை வேறொரு நிறத்திலும் நிற்கும். தாலி முடியும் படத்தில் பெண்ணின் கழுத்துக்கும் முகத்துக்கும் நடுவே கோடு போட்டாற்போல் தெரிவது இந்த மாஸ்க்கின் விளிம்பு.

பென்சில் காலத்து வழக்கம்

இந்த ஆசை கணினியோடு வந்ததில்லை. முகப்பில் மாட்டியிருக்கும் பழைய படங்களைப் பார்த்தால், பல பெரியவர்கள் உள்ளபடி இருந்ததைவிடக் கறுப்பாகத் தெரிவார்கள். அந்தக் காலத்துப் பிலிம்கள் சிவப்பு ஒளியை உணராதவை. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் பிலிம் பரவலானது 1920-களில். அதற்கு முன்னால் எடுத்த படங்களில் பழுப்புத் தோல் இருண்டது, குங்குமம் கறுப்பானது, தங்கமும் மங்கியது. அதனால்தான் சில படங்களில் நகைக்கு மேல் பொன்னிறம் தீட்டியிருப்பார்கள். வெளுப்பாக்குவது அன்றைக்குச் சுலபம் என்பதும் ஒரு காரணம். நெகட்டிவில் பென்சிலால் தேய்த்த இடம் அச்சில் வெளுக்கும். கறுப்பாக்க வேண்டுமென்றால் கத்தியால் சுரண்ட வேண்டும், கை தவறினால் நெகட்டிவ் போய்விடும்.

வண்ணப் பிலிம் வந்தபோதும் சாய்வு தொடர்ந்தது. அச்சுக்கூடங்கள் நிறம் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய மாதிரிப் படத்தில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி அட்டை என்றே அதற்குப் பெயர். அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. பழுப்பு நிறங்களைப் பிரித்துக் காட்டப் பிலிம் மேம்பட்டதில், சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி மேஜை செய்பவர்களும் கொடுத்த புகாருக்குப் பங்கு உண்டு. தோலுக்கும் மரத்துக்கும் ஒரே சாயல் என்பதால், மரத்துக்காகச் செய்த திருத்தம் தோலுக்கும் உதவியது.

இப்போது அந்த இடத்தில் கைபேசி இருக்கிறது. பியூட்டி மோட் படமெடுக்கும் நொடியிலேயே முகத்தைக் கண்டுபிடித்து வெளுத்துவிடும், எடிட்டிங் என்று யாரும் அதைச் சொல்வதில்லை. முகத்தை அறியும் மென்பொருள்களும் தாங்கள் பழகிய படங்களுக்கு ஏற்பவே தீர்ப்புச் சொல்கின்றன. 2018-இல் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் வெளியிட்ட ஆய்வில், ஆணா பெண்ணா என்று கண்டுபிடிப்பதில் வெளுத்த தோல் ஆண்களுக்கு அதிகபட்சம் 0.8 சதவீதமாக இருந்த தவறு, கறுத்த தோல் பெண்களுக்கு 34.7 சதவீதம் வரை போனது. 2022-இல் கூகுள், சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் வகுத்த பத்துப் படி நிற அளவுகோலைப் பயன்படுத்தத் தொடங்கியது. அதற்கு முன் பரவலாக இருந்த ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் ஆறே படி. 1975-இல் தோல் மருத்துவத்துக்காக உருவாகத் தொடங்கியது அது.

இதனால் என்ன வருகிறது?

ஆல்பம் வீட்டுக்குள் இருக்கும் பொருள், யாருக்கும் நஷ்டமில்லை என்று சொல்லலாம். ஆனால் அதே ஸ்டுடியோவில், அதே கையால்தான் வேறு படங்களும் திருத்தப்படுகின்றன.

1. கடவுச்சீட்டு, விசா. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போய்வரும் ஊர்களில் இது அன்றாட வேலை. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் நெறிமுறை, தோல் இயல்பான நிறத்தில் தெரிய வேண்டும் என்கிறது. படத்தில் முகத்தோற்றத்தை மாற்றும் எந்தத் திருத்தத்தையும் அது ஏற்பதில்லை. வழக்கம்போல் வெளுத்துக் கொடுத்தால் படம் நிராகரிக்கப்பட இடமுண்டு.

2. பெண் பார்க்க அனுப்பும் படம். ஜாதகத்தோடு போகும் படத்தில் இரண்டு படி வெளுத்துவிட்டால், நேரில் வந்தவர்கள் முகத்தில் அது தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு காபித் தட்டோடு நிற்பது எடிட்டர் அல்ல, அந்தப் பெண். வெளுப்பாக்குவதில் எனக்கு உள்ள முதல் ஆட்சேபம் இதுதான்.

3. விளம்பரம். 2014-லேயே இந்திய விளம்பரத் தரநிலைக் கவுன்சில், கறுத்த நிறத்தைக் குறையாகக் காட்டக் கூடாது என்று வழிகாட்டியது. ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் கிளோ அண்ட் லவ்லி ஆனது. நார்வேயில் 2022 ஜூலை முதல், உடலின் வடிவத்தையோ அளவையோ தோலையோ திருத்திய விளம்பரப் படத்தில் முத்திரை போட வேண்டும். நகைக்கடை, ஜவுளிக்கடைக்குப் படமெடுக்கும் ஸ்டுடியோக்கள் இதைக் கவனித்து வைப்பது நல்லது.

ஆல்பம் அச்சுக்குப் போகுமுன்

திரையில் சரியாக இருந்த முகம் தாளில் இருண்டு வருவதற்குப் பெரும்பாலும் காரணம், எடிட்டரின் திரை அளவுக்கு மீறிப் பிரகாசமாக இருப்பது. சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா போதும். கடைகளில் இதைவிடப் பல மடங்கு வைத்திருப்பார்கள். இதில் முதலில் அடிபடுவது மாநிறம். கோப்பு எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற வெளியில் இருக்க வேண்டும். மையச்சில் போடும் ஆல்பமாக இருந்தால், படத்தில் உள்ள முகத்தில் மஞ்சள் மை மெஜந்தாவைவிட (ஊதா கலந்த சிவப்பு மை) கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதா என்று எடிட்டர் எண்ணைப் பார்க்க வேண்டும். மெஜந்தா முந்தினால் முகம் வெந்ததுபோல் சிவக்கும்.

முழு ஆல்பத்துக்கும் சம்மதம் சொல்லுமுன், பெண், மாப்பிள்ளை, இரு வீட்டாரும் சேர்ந்து நிற்கும் ஒரு படத்தை மட்டும் சோதனைக்கு அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். அதைக் குழல் விளக்கில் பார்க்காமல் பகலில் முற்றத்து நிழலில், படத்தில் உள்ளவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஐந்தாறு பேர் தோலும் ஒன்றுக்கொன்று வேறுபட்டுத் தெரிந்தால் வேலை சரி. எல்லோரும் ஒரே நிறத்துக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பலாம். எந்த அளவுக்கு டச்சப் வேண்டும் என்பதை முன்பணம் கொடுக்கும்போதே எழுதிக்கொள்வதும், ரா கோப்புகளை ஹார்ட் டிஸ்க்கில் கேட்டு வாங்குவதும் இரண்டு தரப்புக்கும் நல்லது. வெளுத்துச் சேமித்த ஜேபெக்கிலிருந்து பழைய நிறத்தை அப்படியே திரும்ப எடுக்க வழி கிடையாது.